‘அவை’ எவை?

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். ஆதலின் அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டுகள் இம்மாவட்டத்திற் பிறந்த எமக்கு ஊர்ச்செல்வம். அவற்றைக் கணிப்பொறியில் எக்ஸ்.எம்.எல். முறைப்படி ஏற்றப் புகுந்தவிடத்து யாம் கண்டதோர் இடர்ப்பாட்டை ஈண்டு உரைப்போம்.

அம்முறையில் ஒவ்வொரு பாட்டும் ஓர் உறுப்பு. திணையும் துறையும் அதன் பண்புகள். 87-ஆம் பாட்டிற்குத் திணை தும்பை, துறை தானைமறம். அடுத்த மூன்று பாட்டுகட்கும் அவையே உரியன. ஆயினும் பழங்குறிப்பு அப்பெயர்களை மீட்டுங் கூறாது, ‘அவை’ என்று சுட்டியமையும். வரிசையாகப் படிப்பார்க்கு இச்சுருக்கம் இனிது. 90-ஆம் பாட்டை மட்டும் தேடியெடுப்பார்க்கோ, ‘அவை’ எவை என்பது விளங்காது.

இதனைத் தீர்க்கவல்லது, 1999-ல் வெளிவந்த எக்ஸ்.எஸ்.எல்.டி. என்னும் மாற்றுமொழி. ‘உடன் முன்னுள்ள பாட்டின் பண்பைக் கொள்க’ என்று கட்டளையிடின், 88-க்குத் தும்பை கிடைக்கும். 89-க்கோ மறுபடியும் ‘அவை’ என்பதே கிடைக்கும். என்னை? அம்மொழி மூலத்தை நோக்குமேயன்றித் தான் மாற்றியெழுதிய படியை நோக்காது. ஆதலின், ‘முன்னுள்ள பாட்டுகளுட் பெயர் சுட்டியவற்றை முதலிற் பிரித்து, அவற்றுள் மிக அண்மையதைக் கொள்க’ என்றே விதித்தல் வேண்டும். இம்முறையை மாற்றி, அண்மையதை முதலிற் கொண்டு பின் ஆராயின், 89-க்கு ஒன்றும் கிடையாது.

இவ்வளவில் பணி முடிந்தது என்பர் நண்பர் சிலர். யாம் அதற்கு உடன்படோம். புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைத்தில. மறைந்ததொரு பாட்டை அடுத்து ‘அவை’ என வருமாயின், அது மறைந்ததன் திணையையே சுட்டும். பொறியோ இடைவெளியை அறியாது தாவி, அதற்கு முன்னைய பாட்டின் திணையைக் கொணர்ந்து ஒட்டும். படிப்பவர் அதனை மெய்யென்றே கொள்வர்.

ஆகவே இரண்டு செய்தல் வேண்டும். மறைந்த பாட்டிற்கும் வெற்றுறுப்பு ஒன்று வைத்து, தேடல் அங்கே நிற்குமாறு விதித்தல் ஒன்று. ‘அவை’ என்னும் மூலச்சொல்லை அழியாது, யாம் நிரப்பிய பெயரை வேறொரு பண்பாக எழுதுதல் மற்றொன்று. முன்னோர் எழுதியது யாது, நாம் சேர்த்தது யாது என்பது அப்போதே தெளிவாகும்.

1894-ல் புறநானூற்றை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஏட்டிற் சிதைந்த இடங்களைத் தம் கருத்தால் நிரப்பாது சிதைந்தவாறே விட்டனர். அந்நேர்மை பொறிக்கும் வேண்டும். இப்பணியைப் பொறிவல்லாரிடமே விட்டுவிடாது, தமிழ் பயிலும் நாமும் கற்போமாக. ‘அவை’ எவை என ஆராய்ந்து கூறும் கடன் நம்முடையதன்றோ?