கம்பியில்லாக் கருவிகளை நம்பும் முன்

2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் ஹட் பே ஊர் இருக்கும் லிட்டில் அந்தமான் தீவையும் தொட்டது. அதுவரை செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் இங்குள்ள மருத்துவமனையில் நோயாளியின் படுக்கை வரை கேபிள் வராது. அந்தக் கடைசிச் சில மீட்டரை வைஃபையும் புளூடூத்தும்தான் கடக்கின்றன. பெரும்பாலும் இரண்டுக்குமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். மைக்ரோவேவ் அடுப்பின் இரைச்சலும் அங்கேதான். வேறு அலைவரிசையிலும் இத்தகைய மோதல் நடந்ததுண்டு: 1998இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் தொலைக்காட்சி நிலையம் ஒன்று டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்தபோது, பேய்லர் மருத்துவமனையின் கம்பியில்லா இதயக் கண்காணிப்புக் கருவிகள் தடைபட்டன. நல்லவேளையாக யாருக்கும் ஆபத்தில்லை. 2000இல் அந்நாடு மருத்துவக் கருவிகளுக்கென்றே தனி அலைவரிசைகளை ஒதுக்கியது.

பெருநகரத்தில் கருவி தடுமாறினால் அடுத்த தெருவில் இன்னொரு மருத்துவமனை உண்டு. ஹட் பேயிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போகக் கப்பல் வேண்டும், அல்லது ஹெலிகாப்டர் வேண்டும். மழைக்காலத்தில் இரண்டும் நிச்சயமில்லை. ஆகவே சுகாதாரத் துறை இங்கே அனுப்பும் கம்பியில்லாக் கருவி ஒவ்வொன்றையும் இந்த மருத்துவமனைக் கட்டடத்திலேயே, மின்சாரம் போன நேரத்திலும், சோதித்துத் தர வேண்டும். இணைப்பு அறுந்தால் செவிலியருக்குக் கேட்கும்படி கருவி ஒலியெழுப்ப வேண்டும். கம்பியுள்ள மானிட்டர் ஒன்றாவது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.