உடற்பயிற்சிக்கு நேரம் யார் தாறது?

உடற்பயிற்சி செய்ய நேரமில்லை என்று யாராவது சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அரை மணித்தியாலம் முந்தி எழும்புங்கோவன்." இப்படிச் சொல்பவர்களில் கனபேர் எழும்பின உடனே தேத்தண்ணியைக் கையில் வாங்குகிற ஆக்கள். நாலரைக்கு எழும்பி அந்தத் தேத்தண்ணியைப் போடுகிற அம்மாவிடம் போய் இதையே சொல்லிப் பாருங்கள். அகப்பை பறந்து வரும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதமான என்றால், நடக்கும்போது கதைக்கலாம், ஆனால் பாட்டுப் பாட மூச்சுக் காணாது, அந்தளவு வேகம். முந்தி, தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020 வழிகாட்டலில் அதை எடுத்துவிட்டார்கள். பஸ் தரிப்பிடத்துக்கு விறுவிறு என்று நடக்கிற நாலு நிமிடமும் இப்போது கணக்குத்தான். ஜிம் காசு கட்டத் தேவையில்லை.

இது எங்களுக்குப் புதுசும் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடியது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கொழும்பிலும் கந்தோருக்குச் சைக்கிள் மிதித்தார்கள். ஒருத்தரும் ஆரோக்கியத்துக்காக மிதிக்கவில்லை, அதை இனிய நினைவாகக் கதைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் பயணமே பயிற்சியாக இருந்தபோது அதற்கென்று தனி நேரம் தேட வேண்டியிருக்கவில்லை. பிறகு கியூஆர் கோட் வந்தது, பெற்றோல் வந்தது, இப்ப ஒழுங்கை முடக்கில் இருக்கிற கடைக்கும் ஸ்கூட்டிதான்.

இதுவரை சொன்னது லேசான பகுதி. வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற பெண்ணுக்கு இந்த நாலு நிமிடங்கள் எங்கேயிருந்து வரும்? "அம்மா வீட்டில ஓடியாடித்தானே திரியிறா, அதுவே எக்சசைஸ்" என்கிறார்கள். வீட்டுவேலையும் உடலசைவுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வழிகாட்டல், கிழமையில் இரண்டு நாளாவது முக்கிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. தேங்காய் திருவுறதும் இடியப்பம் பிழியிறதும் ஒரே தோளையும் ஒரே மணிக்கட்டையும் போட்டுத் தேய்க்கிற வேலை. அதைவிட முக்கியம், நடக்கப் போகிற ஒருவரை அந்த அரை மணித்தியாலம் யாரும் "சம்பல் எங்க? என்ர சேட் எங்க?" என்று கூப்பிட மாட்டார்கள். குசினியில் நிற்கிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

அப்படியும் நேரம் எடுத்து வெளிக்கிட்டால் அடுத்தது ஊர்க் கண். பண்ணைப் பக்கம் பின்னேரத்தில் நடக்கிற ஆண்களுக்கு ஒரு பழைய சேட்டும் சரமும் காணும். ஒரு பெட்டை ட்ரக் பொட்டமும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் போனால், "என்ன பிள்ளை, மெலியப் போறியோ? ஏதும் சம்பந்தம் சரிவந்திட்டோ?" என்று மதிலுக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்க்கும். இருட்ட முதல் வீட்டுக்கு வந்துவிடவும் வேணும். தெருநாய்களின் கதை வேறு.

அதனால்தான் நேரத்தை "ஒதுக்குவது" என்ற சொல்லே எனக்குப் பிடிக்கிறதில்லை. ஒரு வீட்டில் ஒருவர் ஆறு மணிக்கு ஓடப் போகிறார் என்றால் அந்த ஆறு மணி வேலையை வேறு யாரோ செய்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் அக்கா. ஒழுக்கம், மனவுறுதி என்று நாங்கள் புகழுவதில் பாதி அவர்களின் உழைப்பு.

ஜிம்முக்குப் போகிற தம்பிமாரே, அண்ணாமாரே, கிழமையில் இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டை நீங்கள் எடுங்கோ. மா குழைக்கிறதில் இருந்து சட்டி கழுவுறது வரைக்கும். அந்த நேரத்தில் அம்மா நடக்கத்தான் வேணும் என்றில்லை. படுத்துக்கிடந்து நாடகம் பார்த்தாலும் ஒண்டும் கேக்காதேங்கோ. முதல் நாள் புட்டு களியாத்தான் வரும். பரவாயில்லை, சாப்பிடலாம்.