சொல்வதை எழுதும் கைக்கும் கூலி வேண்டும்!

மில்லில் பதிலித் தொழிலாளி ஒருவர் ஒரு நாள் ஷிப்டு பார்த்தால் அந்த ஒரு நாளுக்குக் கூலி உண்டு. குறைந்த கூலிதான், அதற்கும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஆனாலும், "இன்னொருவன் இடத்தில் நின்றுதானே வேலை செய்தாய், உனக்கெதற்குக் கூலி?" என்று கேட்க எந்த மேஸ்திரிக்கும் துணிச்சல் வராது.

கல்லூரிகளிலும் சர்வகலாசாலைகளிலும் இப்படி இன்னொருவருக்காக உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. கண் தெரியாத மாணவனுக்குப் பாடத்தைப் படித்துக் காட்ட வேண்டும். கை எழுதாத மாணவி வாயால் சொல்லும் விடையைத் தாளில் எழுத வேண்டும். காது கேளாதவனுக்காக வகுப்பில் குறிப்பெடுக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவளுக்கு நூலகத்தின் மேல் தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். பரீட்சையில் எழுதுகிறவருக்கு மட்டும் நம் பக்கத்தில் 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற வேலைகளுக்குப் பெயர்கூட இல்லை. பெயரே இல்லாத வேலைக்குக் கூலி எங்கிருந்து வரும்?

பஞ்சாலைத் தொழிலாளிக்கும் வயற்காட்டுக் கூலிக்கும் இதில் என்ன வந்தது என்று சிலர் நினைக்கலாம். யாருடைய பிள்ளைகள் இவர்கள்? கார்டிங் மிஷினில் விரல் கொடுத்தவர்கள் யார்? கதிரடிக்கும் மிஷினில் கை கொடுத்தவர்கள் யார்? பக்கத்துச் சிவகாசியில் பட்டாசு வெடித்துக் கண் இழந்தவர்கள் யார்? சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் காயம் கட்டப் போகிறது; நெய்கிறவர் வீட்டுப் பிள்ளை கண் தெரியாமல் பிறந்தால், அவன் பி.ஏ. படிக்க யார் புத்தகத்தை வாசித்துக் காட்டுவது? பணக்கார வீட்டில் அதற்கென்று ஆள் வைப்பார்கள். நம் வீட்டில் தங்கைதான் ஆள்!

ஹெலன் கெல்லரின் பெயரைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பத்தொன்பது மாதக் குழந்தையாய் இருந்தபோதே கண்ணும் காதும் போனவர், 1904-இல் அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அவரைப் போற்றுகிறவர்கள், வகுப்புதோறும் பக்கத்தில் உட்கார்ந்து ஆசிரியர் பேசுவதை எல்லாம் அவருடைய உள்ளங்கையில் எழுத்து எழுத்தாகத் தொட்டுச் சொன்ன ஆனி சல்லிவனின் உழைப்பைக் கணக்குப் பார்ப்பதில்லை. சல்லிவனுக்கே பார்வை மங்கல். அவர் ஏழைகளை அடைத்து வைக்கும் சர்க்கார் விடுதியில் வளர்ந்த பெண். அந்தக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை அறைக்குள் சல்லிவனை விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உதவியாள் மீது சந்தேகம் அன்றைக்கே இருந்திருக்கிறது! கெல்லரின் படிப்புச் செலவுக்குப் பணம் தந்தவர் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி முதலாளி ரோஜர்ஸ். அந்த எண்ணெய் முதலாளிக்கு மனம் வந்திராவிட்டால்? கெல்லரே இதை யோசித்திருக்க வேண்டும். 1909-இல் அவர் சோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். கண் பார்வை போவதற்கு வறுமையும் தொழிற்சாலை நிலைமைகளும் பல சமயம் காரணம் என்று எழுதினார். பாடப் புத்தகங்கள் இந்தப் பகுதியை வசதியாக மறந்துவிடுகின்றன.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், சர்க்கார் கல்லூரிகளிலும் சர்க்கார் உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களிலும் 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதன் 17-ஆவது பிரிவு பரீட்சையில் கூடுதல் நேரமும் எழுதித் தர ஆளும் வேண்டும் என்கிறது. எழுதும்போது கை இழுத்துப் பிடிக்கும் கோளாறு உள்ள விகாஷ் குமார் என்ற இளைஞருக்கு யு.பி.எஸ்.சி. எழுத்தாள் தர மறுத்தபோது, அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். ஊனம் 40 சதவீதம் இருக்கிறதா என்ற அளவுகோலை வைத்து இந்த உதவியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரி 11-இல் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. டில்லி வரை போக முடிந்தவருக்குக் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் காசு எண்ணிப் பார்க்கிற வீட்டிலும் அது கிடைக்க வேண்டும்.

வேலையின் அளவைப் பாருங்கள். மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் என்றால் மூன்று மணி நேரப் பரீட்சை நான்கு மணி நேரம். எழுதுகிறவர் அந்த நான்கு மணி நேரமும் தன் புத்தியை ஒதுக்கி வைத்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். சொன்னது தப்பென்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது. கேள்வியை ஒரு சொல் விடாமல் இரண்டு மூன்று முறை படித்துக் காட்ட வேண்டும். பொருளாதாரப் படமோ கணக்கோ வந்தால் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வாயால் விளக்க வேண்டும். பாடமே தெரியாதவர் எழுதினால் பேரும் ஊரும் பிழையாகும், மார்க்கு போகும். தெரிந்தவர் எழுதினால் காப்பி என்று சந்தேகம்! 2018-இல் மத்திய சர்க்கார் விடுத்த நெறிமுறை, மாணவர் தாமே கூட்டி வருகிற ஆள் அவரைவிட ஒரு படி குறைந்த படிப்பு உள்ளவராக இருக்க வேண்டும் என்றது. ஒரு படி குறைந்தவர் என்றால் பெரும்பாலும் இளைய மாணவர். அவருக்கும் அதே வாரத்தில் பரீட்சை! மில்லுக்குப் போகிற அக்காளோ சித்தப்பா மகளோ லீவு போட்டு வந்து எழுதுகிறாள். ஐந்து தாள் என்றால் ஐந்து ஷிப்டு கூலி போயிற்று. அந்த வீட்டில் அடுத்த வாரம் அடுப்பு எப்படி எரிந்தது என்று யார் விசாரித்தார்கள்?

"சேவைக்குக் கூலி கேட்பதா?" என்கிறார்கள். சேவை செய்ய மனம் உள்ளவரை நாம் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்துக் காட்டும் வாலிபர்களுக்கு நம் வணக்கம். ஆனால் தர்மத்தை நம்பி ஒருவன் மூன்று வருஷப் படிப்பை ஓட்ட முடியாது. தர்மம் செய்கிறவருக்கு ஜுரம் வந்தால் பரீட்சை போயிற்று. தயவில் வந்த ஆளிடம், "சரியாக எழுதவில்லை, மறுபடி படி" என்று சொல்லவும் நாக்கு எழாது. கூலி பெறுகிற ஆளிடம் கேட்கலாம். அந்த ஆளும் நேரம் முடிந்ததும் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். கூலி இரண்டு பேருக்கும் மரியாதை.

அமெரிக்காவில் போலியோவால் கழுத்துக்குக் கீழே அசைவற்றுப்போன எட் ராபர்ட்ஸ் 1962-இல் பெர்க்கிலி சர்வகலாசாலையில் சேர்ந்தார். அவரும் தோழர்களும் கேட்டுப் போராடியதில், 1970-இல் அங்கே ஊனமுற்ற மாணவர்களுக்கென்றே உதவித் திட்டம் ஒன்று வந்தது. இங்கிலாந்தில் குறிப்பெடுப்பவருக்கும் நூலகத் துணையாளுக்கும் சர்க்கார் பணம் தந்து வந்தது. 2016-இல் அதில் பெரும்பகுதியை நிறுத்திப் பொறுப்பைச் சர்வகலாசாலைகளின் தலையில் கட்டிவிட்டது. பணக்கார நாட்டிலும் சிக்கனம் என்றதும் முதலில் கத்தி விழுகிற இடம் எது என்று பாருங்கள்.

நமது சர்க்கார் கண் தெரியாத மாணவர்களுக்கு வாசிப்பாளர் உதவித்தொகை தருகிறது. வரவேற்கிறோம். ஆனால் காது கேளாதவருக்கும் கை இயங்காதவருக்கும் வேண்டிய ஆள் எங்கே? மதுரை காமராசர் சர்வகலாசாலையும் அதன்கீழ் உள்ள கல்லூரிகளும் படிப்புத் துணையாள் என்று ஒரு பதவியே ஏற்படுத்த வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளம், ஒரு மாதப் பயிற்சி, பரீட்சைக் காலத்தில் மாற்றாள் எல்லாம் வேண்டும். ராஜபாளையத்தில் பி.ஏ., பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிகிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பதவியைக் கான்டிராக்டரிடம் விட்டால் மட்டும் சம்மதியோம். கூலியில் பாதியை எவன் தின்பான் என்பது மில் காண்டீனில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

அதுவரை ஒரு காரியம் உடனே செய்யலாம். நவம்பர்ப் பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. சொந்தக்காரருக்காகவோ அண்டை வீட்டுப் பிள்ளைக்காகவோ பரீட்சை எழுதப் போகும் தொழிலாளிக்கு அந்த நாட்களில் சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்று ஒவ்வொரு மில்லிலும் சங்கம் மனுக் கொடுக்கட்டும். கிராமங்களில் தோழர்கள் வீடு வீடாக விசாரித்து, ஆள் இல்லாமல் நிற்கும் மாணவர் பெயரையும் தாள் நடக்கும் தேதியையும் எழுதி வாங்கி, கல்லூரி முதல்வரிடம் நேரில் கொடுத்து, ரசீது பெற்று வரட்டும்.