சைக்கிளேறிச் சுற்றுதல் வீண்பொழுதா?

விடுமுறைக் காலத்திற் பிள்ளைகள் சைக்கிளேறி நண்பர்களோடு ஊர் சுற்றுதல் நன்றா தீதா என்னும் வினா அண்மையிற் பெற்றோர் கூட்டமொன்றில் எழுந்தது. தீது என்றோரே மிகப் பலர். நன்று என்றவர் மூவர்; அம்மூவருள் யானும் ஒருவன். அங்கே பேசக் கிடைத்த 5 நிமிடம் போதாமையின் என் கருத்தை ஈண்டு விரித்தெழுதுகின்றேன்.

இலக்கணம் படிப்பிப்பவன் பொருளுக்கு முன் சொல்லைத் தொடுதல் வழக்கம். நமது அரசாங்கப் பத்திரங்கள் இவ்வாகனத்தைத் துவிச்சக்கரவண்டி என்கின்றன. தமிழகத்தார் மிதிவண்டி என்பர். தனித்தமிழன்பர் ஈருருளி என்பர். வீதியிலே அது சைக்கிள். இச்சொல் வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. வடமொழிச் சக்கரமும் அதனோடு ஒரு வேரிற் கிளைத்ததே என்பது மொழிநூலார் துணிபு. ஆகவே துவிச்சக்கரம் என்று எழுதுபவரும் சைக்கிள் என்று பேசுபவரும் தம்மையறியாமலே ஒரே வேரைப் பற்றி நிற்கின்றனர். சொல்லைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. பொருளைப் பற்றியே வழக்கு.

யாழ்ப்பாணம் சைக்கிளுக்கென்றே சமைந்த நிலம். மலையில்லை, பள்ளமில்லை. நகரத்தினின்று வடக்கே காங்கேசன்துறைக் கடல் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். பருத்தித்துறை ஏறத்தாழ 33 கிலோமீற்றர். காலைப் பழஞ்சோறு உண்டு புறப்பட்டவன் மதியச் சோற்றுக்கு வீடு திரும்பலாம். 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் வராதிருந்த காலத்தில் இக்குடாநாட்டைத் தாங்கி நின்றது சைக்கிளே. அரிசி மூட்டையும் விறகும் அதிலே சென்றன. நோயாளியும் அதிலே சென்றான். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, கரியரில் முதிய தாயையும் பாரிற் பிள்ளையையும் வைத்து உருட்டிச் சென்றவர் எத்தனை பேர்! அந்த ஊர்வலத்தில் நடந்த தலைமுறையைச் சேர்ந்தவன் யான்.

பின்னர் 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் இன்றித் தவித்தது. அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு எரிபொருள் இல்லை என்று அவ்வாண்டு யூன் இறுதியில் அரசாங்கம் அறிவித்தது. கூரைமூலையிற் கிடந்த சைக்கிள்களெல்லாம் தூசு தட்டப்பட்டன. புதியன வாங்கச் சென்றவர் விலையைக் கேட்டுத் திகைத்தனர். அதிபரும் எழுதுவினைஞரும் வைத்தியரும் மிதித்துச் சென்றனர். வரிசைகள் ஒழிந்ததும் சைக்கிள் மீண்டும் மூலைக்குப் போயிற்று.

ஏன் போயிற்று? அது வறுமையின் அடையாளம் என நாம் கருதத் தொடங்கிவிட்டோம். உயர்தரப் பரீட்சை முடிந்த அன்றே மகனுக்கு மோட்டார்ச் சைக்கிள் வேண்டும். கடல் கடந்த மாமன் காசு அனுப்புவான். பிள்ளை 100 சி.சி. வேகத்திற் புறப்படுவான். கடந்த 3 ஆண்டுகளில் யான் கற்பித்த மாணவர் இருவரின் அந்தியேட்டிக் கிரியைக்குச் சென்றேன். இருவரும் நோயினால் இறந்தவரல்லர். இதற்குமேல் இதனை விரித்தெழுத என் கை கூசுகின்றது.

இனி விடுமுறைக்கு வருவோம். 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் என்னிடம் தமிழ் படிக்கும் மாணவர் அறுவர் ஒரு கிழமை முழுவதும் சைக்கிளிற் சுற்றுவதென்று தீர்மானித்தனர். நான்கு நாள் யானும் உடன் சென்றேன். அறுவருள் ஒருவனிடம் சைக்கிள் இல்லை. ஏனைய ஐவரும் முறைவைத்து அவனைக் கரியரில் ஏற்றினர். அதனை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் நாள் நகரம். போர்த்துக்கேயர் தொடங்கி 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையின் மதிலேறிக் கடலேரியைப் பார்த்தனர். 1981இல் எரிந்து மீண்டெழுந்த நூல்நிலையத்தின் நிழலில் இளைப்பாறினர். இரண்டாம் நாள் நல்லூர். மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு ஆகியவற்றைக் கண்டபின் யமுனாரியைத் தேடிச் சென்றோம். அக்கேணி பகரவடிவினது. ஆண்டுதோறும் கரும்பலகையிற் பகரம் எழுதும் எனக்கும், அதனைக் கல்லிலும் நீரிலும் கண்டபோது மகிழ்ச்சி மிகுந்தது. மூன்றாம் நாள் கோப்பாய், நீர்வேலி வழியாக நிலாவரை. செம்மண்ணும் வாழைத்தோட்டமும் கடந்து சென்று, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாய் நிற்கும் அக்கிணற்றை எட்டிப் பார்த்தனர். நிலத்தடியிற் சுண்ணாம்புக்கல் உண்டென்று பாடநூலில் வாசித்தவர்கள் அதன் பொருளை அன்றுதான் உணர்ந்தார்கள். நான்காம் நாள் ரியூப் வெடித்தது; ஒட்டுப்போடும் கடையிலே அரைநாள் கழிந்தது. கடைக்காரர் பொறுமையாக அவர்களுக்கே ஒட்டுப்போடப் பழக்கினார். ஏழு நாளிலும் இலவசமாய்க் கிடைத்த மிகச் சிறந்த பாடம் அதுவே என்பது என் எண்ணம்.

ஐந்தாம் நாள் பண்ணைப் பாலத்தால் வேலணைக்கும் சாட்டிக் கடற்கரைக்கும் சென்றனர். ஆடி மாதத்துச் சோளகம் முகத்தில் அறைந்தது. போகையில் மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்தது; வருகையில் அதே காற்று முதுகிற் கைவைத்துத் தள்ளியது. கடலேரியிற் சிறகுவலை கட்டிய தடிகளையும் கரையிற் கண்டல் மரங்களையும் கண்டனர். ஆறாம் நாள் மாவிட்டபுரம் வழியாகக் கீரிமலைக் கேணி. 1990இல் மக்கள் பெயர்ந்துபோன வலிகாமம் வடக்கிலே கூரையற்ற வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. ஒரு வீட்டின் முற்றத்திலே பனம்பழம் விழுந்து கிடந்தது, பொறுக்குவார் இல்லை. பிள்ளைகள் வெகுநேரம் பேசாமல் மிதித்தார்கள். ஏழாம் நாள் மாலை நல்லூர்த் திருவிழா, பின்னர் குளிர்களி. (இச்சொல்லைக் கடையிற் சொன்னால் விளங்காது, ஐஸ்கிறீம் என்றே கேட்டனர்.)

இதனாற் கிடைத்த பயன் யாது என்று பெற்றோர் வினவலாம். விடை கூறுகின்றேன். தொல்காப்பியர் முதற்பொருளாக வைத்தவை இரண்டு: நிலமும் பொழுதும். இவ்விரண்டும் இன்றி அகப்பொருள் இல்லை. நம் மாணவர் நெய்தலுக்குக் கடலும் கடல்சார்ந்த இடமும் என்று மனப்பாடஞ் செய்கின்றனர். கடலேரியைக் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. வாடைக்கும் சோளகத்துக்கும் திசை கேட்டால் விழிக்கின்றனர். நிலத்தையும் பொழுதையும் அறிவதற்கு ஏற்ற வேகமொன்று உண்டு. மோட்டார் வண்டியில் நிலம் ஓடி மறையும். நடந்தால் ஊரெல்லை கடக்கமுன் பொழுது போய்விடும். சைக்கிளின் வேகமே நடுவானது. மேட்டைக் கால் அறியும். காற்றை மார்பு அறியும். பூத்த வேம்பை மூக்கு அறியும்.

இரண்டாவது பயன் நட்பு. பரீட்சையை நோக்கிய வகுப்பிலே பக்கத்தில் இருப்பவன் போட்டியாளன். அவனுடைய இசட் புள்ளி ஏறினால் இவன் இடம் இறங்கும். சைக்கிட் கூட்டத்தின் நியதி வேறு. மெலியவன் எவனோ அவனுடைய வேகமே கூட்டத்தின் வேகம். ஒருவனது செயின் கழன்றால் அனைவரும் நிற்றல் வேண்டும். இதனை எந்தத் தனியார் கல்வி நிலையத்திற் கற்பிக்கின்றனர்?

இனித் தடைகள். படிப்புக் கெடும் என்பது முதலாவது. ஆண்டில் 52 கிழமை உண்டு; அவற்றுள் ஒன்றைக் கொடுத்தாற் கெடும் படிப்பு எத்துணை உறுதியற்ற படிப்பு! வெயில் என்பது இரண்டாவது. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்கு மரநிழல் சேர்வார்க்கு வெயில் பகையன்று. பெண்பிள்ளையை எங்ஙனம் அனுப்புவது என்று ஒரு தாயார் கேட்டார். அம்மா, அதே பெண்பிள்ளையை இருள் புலருமுன் தனியே சைக்கிளில் மேலதிக வகுப்புக்கு அனுப்புகின்றீர்கள். தோழியர் அறுவரோடு பகலிற் கடல் பார்க்க அனுப்புவது அதனினும் ஆபத்தோ?

நான்காவது தடை உண்மையானது: வீதி. பேருந்தும் மோட்டார் வண்டியும் முந்துகின்ற வீதியிற் பிள்ளையை விட எவருக்கும் அச்சம் உண்டாகும். ஆயின் அதற்குப் பரிகாரம் வீதியைத் திருத்துதலேயன்றிப் பிள்ளையை அடைத்துவைத்தல் அன்று. நெதர்லாந்து நாட்டில் 1971ஆம் ஆண்டில் வீதி விபத்தில் இறந்தோர் 3,000 பேருக்கு மேல்; அவருட் குழந்தைகள் 400 பேருக்கு மேல். பெற்றோர் தெருவிலிறங்கிக் குரல் எழுப்பினர். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்தது; ஞாயிற்றுக்கிழமைகளிற் கார் ஓடாதிருக்க ஆணை பிறந்தது. அந்நாட்டார் அத்துன்பத்திலே பாடம் கற்றுச் சைக்கிளுக்குத் தனிவழி அமைத்தனர். நமக்கும் 2022 வந்தது. நாம் கற்றது யாது?

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974இல் தொடங்கிய வழக்கமொன்று உண்டு. ஞாயிறு முற்பகலில் 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தெருக்கள் மோட்டார் வாகனங்களுக்கு அடைக்கப்படுகின்றன. மக்கள் நடந்தும் மிதித்தும் மகிழ்கின்றனர். அஃது அந்நிய நாடு, நமக்கு ஒவ்வாது என்பார் நல்லூரை நினைக்க. ஆண்டுதோறும் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு அடைக்கப்படவில்லையா? அயலிலுள்ள வீட்டு முற்றங்கள் சைக்கிட் பாதுகாப்பு நிலையங்களாக மாறவில்லையா? 25 நாள் இயல்வது, மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் இயலாதா?

ஆகவே யான் வேண்டுவன மூன்று. கோட்டை, நூல்நிலையம், மணிக்கூட்டுக் கோபுரம் ஆகியவற்றைச் சூழ்ந்த வீதிகளை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு விடுக. அலுவலகம், பேருந்து நிலையம், கடைத்தெரு எங்கும் நிழலுள்ள சைக்கிள் நிறுத்துமிடம் அமைக்க. ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு கிழமையேனும் மேலதிக வகுப்புகளை மூடுக. முன்னிரண்டும் மாநகரசபையின் கையில் உள்ளன. மூன்றாவது ஆசிரியராகிய நம் கையில் உள்ளது. அதனை நாம் முதலிற் செய்தால் ஏனையவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு வரும்.