ஆய்வகத்தைத் தாண்டாத ஒலி

புது தில்லி: பலகாரம் பொரித்து மிஞ்சிய எண்ணெயை பயோடீசலாக மாற்ற, மெத்தனாலும் வினையூக்கியும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்க வேண்டும். எண்ணெயும் மெத்தனாலும் எளிதில் கலப்பதில்லை என்பதால் இதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. அதே கலவையில் மீயொலி அலைகளைச் செலுத்தினால் சில நிமிடங்களில் வினை முடிவடைவதை ஆய்வகங்கள் பலமுறை மெய்ப்பித்துள்ளன.

இதில் மாயம் ஏதுமில்லை. மனிதச் செவிக்கு எட்டாத, விநாடிக்கு 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகள் திரவத்தில் நுண்ணிய குமிழ்களை உருவாக்குகின்றன. அவை வெடித்து அடங்கும் கணத்தில், குமிழுக்குள் வெப்பநிலை பல ஆயிரம் டிகிரியையும், அழுத்தம் காற்று மண்டலத்தைப் போல் பல நூறு மடங்கையும் எட்டுகின்றன. ஆனால், சுற்றியுள்ள திரவம் பெரிதாகச் சூடாவதில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ், லூமிஸ் ஆகிய இருவரும் ஒலி அலைகளின் வேதி விளைவுகளை 1927-லேயே பதிவு செய்துவிட்டனர்.

இந்தியா இத்துறையில் பின்தங்கிய நாடன்று. மும்பை வேதித் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அனிருத்த பண்டிட்டும் அவரது குழுவினரும் பல்லாண்டுகளாக இதனை ஆராய்ந்து வந்துள்ளனர். குறுகிய துளை வழியே திரவத்தை வேகமாகச் செலுத்தியும் இத்தகைய குமிழ்களை உருவாக்கலாம், பெரிய அளவில் அதற்கு மின்செலவும் குறைவு என்பது இத்தகைய ஆய்வுகள் காட்டிய வழி.

அப்படியிருந்தும் ஆலைகளில் இதனைக் காண்பது அரிது. காரணங்கள் உண்டு. ஒலியின் வீரியம் கருவியின் முனையருகே மட்டுமே மிகுதி. பெரிய தொட்டிக்குள் அது சீராகப் பரவுவதில்லை. முனையும் நாளடைவில் அரிக்கப்படுகிறது. எல்லா வினைகளுக்கும் இது பயன்படும் என்பதும் உண்மையன்று. ஆனால், இவை மாதிரி ஆலைகளை அமைத்துச் சோதித்துத் தீர்க்க வேண்டிய பொறியியல் சிக்கல்கள். ஒரு சிறு சாயத் தொழிற்சாலையின் உரிமையாளர் அந்தச் செலவைத் தனியே சுமக்க இயலாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் குஜராத்தின் அங்கலேஷ்வரும் வாப்பியும் முதலிரு இடங்களைப் பெற்றன. இரண்டுமே ரசாயன ஆலைகள் நிறைந்த ஊர்கள். கழிவு வெளியேறிய பின் சுத்திகரிப்பதைப் பற்றியே பேசும் அரசு, கழிவு குறைவாக உண்டாகும் உற்பத்தி முறைக்கு உதவுவதில் அதே அக்கறையைக் காட்ட வேண்டாமா?

பணமில்லை என்று இனிச் சொல்ல இயலாது. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஐந்தாண்டுகளில் ரூ.50 ஆயிரம் கோடி என்று அப்போது அறிவிக்கப்பட்டது, அதில் ரூ.36 ஆயிரம் கோடி அரசு சாராத வழிகளில் வரும் என்பது எதிர்பார்ப்பு. தனியார் ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்டகாலக் கடன் வழங்க, ரூ.1 லட்சம் கோடி நிதிக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்தது.

கடன் வாங்கும் தகுதி பெரு நிறுவனங்களுக்கே எளிதில் வாய்க்கும். எனவே, சிறு ரசாயன ஆலைகள் பொதுவில் பயன்படுத்தக்கூடிய மாதிரி ஆலைகளைத் தொழிற்பேட்டைகளிலேயே அமைக்க ஒரு பங்கை ஒதுக்குவதே முறை. ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு என்று கேட்பதோடு, ஆய்வகத்திலிருந்து ஆலைக்குச் சென்றது எது என்றும் அறிவியல் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு கேட்கத் தொடங்கட்டும்.