கேட்டுத்தான் எடுத்தேனா?

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. பாடசாலைகளுக்கிடையே நடந்த புகைப்படப் போட்டியொன்றில் இரண்டாமிடம் பெற்றதற்காக எனக்குக் கிடைத்தது. போட்டியின் தலைப்பு 'முதுமை'. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று வாப்பாவுக்கு ஆசை. வேண்டாம் என்று தடுத்தது நான்தான். ஏன் என்று வீட்டில் இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

உயர்தரத்தில் நான் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கிறேன். போட்டி அறிவித்தல் வந்ததும் நானும் இரு தோழிகளும் கொழும்பு கோட்டை புகையிரத நிலையத்தைத் தெரிவு செய்தோம். யோசிக்கவே இல்லை. 'முதுமை' என்றாலும் கோட்டை, 'வறுமை' என்றாலும் கோட்டை என்று படம் எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. அங்கே போனால் யாராவது ஒரு முதியவர் கட்டாயம் படுத்திருப்பார், எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

கிடைத்தது. ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஒரு மூதாட்டி உறங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு ஓர் உரப்பை. அந்தப் பைக்கு அடியில் ஒரு சோடிச் செருப்பு. காலடியில் கழற்றி வைத்தால் விடியும்போது இருக்காது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. தூரத்திலிருந்து நாலைந்து படங்கள் எடுத்தேன். திருப்தி வரவில்லை. கிட்டே போய்க் குனிந்தேன். அப்போது அவர் கண்ணைத் திறந்தார். ஏசவில்லை, கையை நீட்டிக் காசு கேட்கவுமில்லை. சேலை முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார்.

முந்தானை பாதி முகத்தை மூடியிருந்த அந்தக் கணத்தில் எடுத்த படத்தைத்தான் போட்டிக்கு அனுப்பினேன். வெளிச்சம் மிக அழகாக விழுந்திருக்கிறது என்று நடுவர்கள் பாராட்டினார்கள்.

பரிசு கிடைத்த அன்று உம்மும்மாவுக்குப் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எங்கள் வீட்டு வாசலில் கரண்ட் பில் எழுத ஆள் வந்தால் உம்மும்மா முந்தானையை இழுப்பதும் அச்சொட்டாக அப்படித்தான்.

"கேட்டுட்டா மகள் எடுத்த?" என்றார்.

"கேட்டா எடுக்க உட மாட்டாங்க உம்மும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. அவர் சம்மதிக்க மாட்டார் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கேட்காமல் எடுத்திருக்கிறேன்.

இதை எழுதும்போது எங்கள் முகங்களைப் பற்றியும் யோசிக்கிறேன். எங்கள் படங்கள் வெளியில் போகாமல் இருக்க நாங்கள் படும் பாடு கொஞ்சமா? கலியாண மண்டபத்தில் பெண்கள் பகுதி வாசலிலேயே போனில் படம் எடுக்க வேண்டாம் என்று எழுதி ஒட்டுகிறோம். யாராவது சாச்சி மறந்துபோய் ஸ்டேடஸில் ஒரு படத்தைப் போட்டுவிட்டால் பத்து நிமிடத்துக்குள் நாலு பேர் கோல் எடுத்து அழிக்கச் சொல்வோம். வகுப்புத் தோழி ஒருத்தியின் முடி தெரிகிறது என்று குழுப்படம் ஒன்றையே தூக்கி எறிந்திருக்கிறோம். அதே கைகள்தான், வாய் பிளந்து, சேலை விலகி உறங்கும் ஒரு முதிய பெண்ணின் படத்தை, அழும் முகக்குறி ஒன்றும் சேர்த்துப் பகிர்கின்றன. அவர் எந்த இனம், எந்த மார்க்கம் என்று எனக்குத் தெரியாது. வெட்கம் எல்லோருக்கும் பொது. வீடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் முகம் அமானிதமா?

'அது பொது இடம்தானே' என்பார்கள். எங்களுக்கு அது பொது இடம். டிக்கட் எடுக்கிறோம், ரயில் ஏறுகிறோம், போய்விடுகிறோம். அவருக்கு அது படுக்கையறை. தலை வாருவது, மருந்து விழுங்குவது, இருமுவது, அழுவது எல்லாம் அங்கேதான். சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை. முந்தானை ஒன்றுதான் இருந்தது.

என்னோடு வந்த தோழி ஒருத்தி இதை ஒப்புக்கொள்ளவில்லை. படம் இல்லாவிட்டால் யாருக்குத் தெரியும், யார் உதவுவார்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடும்போதுதான், 1936இல் அமெரிக்காவில் டொரோதியா லாங்கே எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தின் கதையைப் படித்தேன். கலிபோர்னியாவில் நிபோமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் இருந்த 32 வயதுத் தாய் அவர். உலகத்தில் அதிகம் பேர் பார்த்த படங்களில் அதுவும் ஒன்று. பத்திரிகையில் செய்தியும் படங்களும் வந்ததும் அந்த முகாமுக்கு அரசாங்கம் உணவு அனுப்பியது உண்மை. ஆனால் உணவு வந்து சேர்ந்தபோது அந்தத் தாயும் பிள்ளைகளும் அங்கிருந்து வேறிடம் போய்விட்டார்கள். அவரது பெயரை லாங்கே கேட்கவே இல்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற அந்தப் பெயர் 1978இல்தான் வெளியே வந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும், அதனால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்றும் அவர் அப்போது சொன்னார். அந்தப் படம் பலருக்கு உதவியது என்பதை நான் மறுக்கவில்லை. படத்தில் இருந்தவருக்கு உதவியதா என்பதுதான் என் கேள்வி.

என்னுடைய படம் யாருக்கும் உதவவில்லை. சான்றிதழ் எனக்குக் கிடைத்தது.

காணாமற்போன முதியவரின் படத்தைக் குடும்பத்தார் பகிர்வது வேறு விடயம். ஞாபகமறதி உள்ள ஒருவர் வழிதவறிப் போய்விட்டால் அந்தப் படம் அவரை வீட்டுக்குக் கொண்டுவரும். ஆனால் நிலையத்தில் படுத்திருக்கும் எல்லோருமே வழிதவறியவர்களா? வீட்டில் இருக்க முடியாமல் வெளியேறியவர்களும் இருப்பார்கள். அவர்கள் இருக்கும் இடத்தையும் முகத்தையும் ஊருக்கெல்லாம் காட்ட நாம் யார்?

இன்னொன்று. படத்தில் சுருக்கங்கள் தெரியும், நரைமுடி தெரியும். ஒரு முதியவர் ஏன் அங்கே படுத்திருக்கிறார் என்பது தெரியாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி அதற்கான சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பம் என்றால் முகவரி எழுத வேண்டும். அடையாள அட்டை தொலைந்திருந்தால் புதிதாக எடுக்கக் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும். புகையிரத மேடையில் படுத்திருப்பவர் எந்தக் கிராம உத்தியோகத்தரிடம் போவார்? உண்மையாகவே உதவ விரும்புபவர் ஒரு முதியவரோடு பிரதேச செயலகத்துக்குப் போய், சமூக சேவை உத்தியோகத்தருக்கு முன்னால் அரைநாள் உட்கார்ந்திருக்கலாம். அதைப் படமெடுத்தால் யாரும் லைக் போடமாட்டார்கள் என்பது வேறு கதை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்; சிறியவள் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். ரமழான் வந்தால் உலர் உணவுப் பொதி கொடுக்கும் படங்கள் எத்தனை! பொதியின் ஒரு முனையைக் கொடுப்பவர் பிடித்திருப்பார், மறுமுனையை வாங்குபவர் பிடித்திருப்பார், படம் எடுத்து முடியும்வரை இருவரும் விடமாட்டார்கள். வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதுதான், மறைத்துக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்று சூரத்துல் பகராவில் படித்திருக்கிறோம். சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்பதும் அதே சூராவில்தான் வருகிறது. கொடுப்பவர் தன் முகத்தைக் காட்டட்டும், அது அவருடையது. வாங்குபவரின் முகத்தை ஏன் சேர்த்துக் காட்ட வேண்டும்?

படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்குப் படம் எடுப்பது உயிர். கேட்டு எடுப்போம். இல்லை என்றால் போனைப் பைக்குள் போடுவோம். எங்கள் கல்லூரியில் இனிமேல் நடக்கும் போட்டிகளிலாவது, படத்தில் இருப்பவரிடம் கேட்டீர்களா என்ற வரியை விண்ணப்பப் படிவத்தில் சேர்க்கும்படி ஆசிரியைகளிடம் கேட்கிறேன்.

அந்த மூதாட்டியை மீண்டும் தேடிப் போனேன். தூணுக்கருகில் அவர் இல்லை. இரண்டாவது சனிக்கிழமை, வெளியில் ஓல்கொட் சிலைப் பக்கம் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "சீயா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டேன். கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். சட்டைப் பொத்தானைப் பூட்டினார், தண்ணீர் தொட்டுத் தலையை வாரினார், எழுந்து அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். அந்தப் படம் எந்தப் போட்டியிலும் வெல்லாது. காட்டியதும் சிரித்தார். பிறகு, "பேஸ்புக்கில் போடாதே, என் மகள் பார்ப்பாள்" என்றார்.

இந்தக் கட்டுரையோடு போட ஒரு படம் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். இந்த மலர் எந்தெந்த வீட்டுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அதனால் படம் கொடுக்கவில்லை.