கச்சேரிக்கு வருபவர்கள் தரமணிக்கும் வரலாம்

மார்கழியில் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் வெளியூர்த் தமிழர்கள் வந்து குவிகிறார்கள். காலையில் லெக்-டெம் என்னும் செயல்விளக்க உரை, மாலையில் கச்சேரி, இடையில் கேன்டீன். ஓய்ந்த பொழுதில் கபாலீசுவரர் கோயில், சாந்தோம், பாண்டி பஜார், எலியட்ஸ் கடற்கரை. பிறகு விமானம் ஏறிவிடுகிறார்கள். 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டில் மியூசிக் அகாதெமிக்கு விதை விழுந்தது. அன்று தொடங்கிய இசைப் பருவம் இன்னும் செழித்திருப்பது இந்த ஊரின் பெருமை. நம் வருத்தமெல்லாம் வேறு. தமிழ் நூல்கள் எவ்வாறு நம் கைக்கு வந்து சேர்ந்தன என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடங்கள் இதே தென்சென்னையில் இருக்கின்றன. இந்த ஊர்க்காரர்களில்கூடப் பலர் அங்கே போனதில்லை.

முதலில் பெசன்ட் நகர். 1942இல் ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்று அஞ்சிச் சென்னை காலியானபோது உ.வே. சாமிநாதையர் திருக்கழுக்குன்றத்திற்குப் பெயர்ந்தார். அந்த ஏப்ரலில் அங்கேயே காலமானார். மறு ஆண்டே அவர் சேர்த்த சுவடிகளுக்காகவும் நூல்களுக்காகவும் அவர் பெயரில் அடையாற்றில் ஒரு நூலகத்தைத் தொடங்கினார் ருக்மிணி தேவி அருண்டேல். பரதத்திற்காக மட்டுமே அவரை நினைக்கிறோம். தமிழுக்கு அவர் செய்த இந்தக் காரியம் அதற்குக் குறைந்ததல்ல. அந்த நூலகம்தான் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது.

ஓலைச்சுவடி ஒன்றை அருகிலிருந்து பார்த்தவருக்குத்தான் பதிப்பு என்ற வேலையின் கனம் தெரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே தோன்றும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை. செய்யுள் அடி பிரியாமல் ஓடும். மூலம் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்பதைப் படிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். பூச்சி அரித்த இடத்தில் ஓலையோடு எழுத்தும் போயிருக்கும். இப்படிப்பட்ட ஏடுகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு 1887இல் சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியிருக்கிறார் ஒருவர். ஓர் ஏட்டைக் கண்ணெதிரே கண்ட பள்ளிப் பிள்ளைக்கு அதன் பிறகு அவர் பாடப்புத்தகப் படமாக இருக்கமாட்டார்.

அவர் வாழ்ந்த வீட்டை நாம் காப்பாற்றவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமக்கு வேலை கிடைக்கக் காரணமாயிருந்த தியாகராச செட்டியாரின் நினைவாகத் 'தியாகராஜ விலாசம்' என்று அவர் பெயரிட்ட திருவல்லிக்கேணி வீடு 2012இல் இடிக்கப்பட்டது. தியாகராய நகர் திருமலைப்பிள்ளை சாலையில் காமராசர் வாழ்ந்ததோ வாடகை வீடு. அதை அரசு நினைவில்லமாக்கியது. இன்றும் உள்ளே போய் அவருடைய எளிமையைப் பார்க்க முடிகிறது. ஒரு தலைவருக்குச் செய்ய முடிந்ததைத் தமிழறிஞருக்கும் செய்திருக்கலாம். குப்பளியில் குவெம்புவின் வீட்டைக் கன்னடர்கள் போற்றி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தால் இந்த இழப்பு இன்னும் உறைக்கும்.

அடுத்தது தரமணி. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். 'ரோஜா' அவர் தொழில் நடத்திய பெயர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தொடங்கிய ஆசை அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. நூல்களும் இதழ்களும் மட்டுமல்ல, நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ் என்று யாரும் பொருட்படுத்தாத தாள்களையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994இல் உருவானது; இன்று அது தரமணியில் இருக்கிறது. விலை கொடுத்தது ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. பொருளை இங்கேயே விட்டுவைத்தவர்களின் பெருந்தன்மையையும் அப்படித்தான். மரக்கூழில் செய்த பழைய காகிதம் தன்னிடமுள்ள அமிலத்தாலேயே பழுத்து, தொட்டால் நொறுங்கும். நொறுங்குமுன் அவற்றை நுண்படச் சுருளில் ஏற்றியும் பின்னர் மின்னுருவாக்கியும் அங்குள்ளவர்கள் செய்துவரும் வேலை, பதிப்பு வேலைக்கு நிகரானது.

மயிலாப்பூர் லஸ்ஸில் ரானடே நூலகமும் உண்டு. அதை நிறுவிய வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. ஆனாலும் தீவிரவாத அணியில் நின்ற பாரதியின் பாடல்களை அச்சிட்டு இலவசமாக வழங்கியவர். கருத்து மாறுபாட்டை மீறிக் கவிதையை மதித்த அந்த மனம் இன்று நமக்கு மிகவும் வேண்டியிருக்கிறது.

ஆய்வாளர்களுக்கு இந்த இடங்களின் வழி தெரியும். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதே நம் கோரிக்கை. மூல ஏட்டை எல்லோர் கையிலும் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஏடு, பக்கத்தில் அதன் அச்சுப் பதிப்பு, எளிய தமிழில் ஒரு குறிப்பு: இவ்வளவு இருந்தால் போதும், ஒரு வகுப்பு மாணவர்கள் வந்து பார்த்துப் போகலாம். அதற்கு ஆகும் செலவை அரசு நிபந்தனையின்றித் தரவேண்டும். சபாக்கள் தங்கள் பருவ மலரில் இந்நூலகங்களின் முகவரிக்கும் நேரத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

சிற்றிதழ் நடத்தும் நண்பர்களுக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் இதழ்கள் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. நின்றுபோனால் ஐந்தாண்டில் தடயம் இருக்காது. வீட்டுப் பரணில் பழைய இதழ்கள் இருந்தால் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் தரமணி நூலகத்தைக் கேளுங்கள். ஓர் இதழானாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள்; அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.